புஷ்

ஊன்றுகோலின் அடியில் மாட்டுகிற ரப்பருக்குப்
புஷ் என்று பெயர்.
குலசேகரம் சந்தையில் வர்க்கீஸ் கடையில்
செருப்புவாருக்கும் குடைக்கம்பிக்கும் நடுவே
ஒரு டப்பாவில் கிடக்கும்.
போன ஓணத்துக்கு முப்பத்தைந்து.
இந்த ஓணத்துக்கு அறுபது.
"ரப்பர் வெல ஏறிப்போச்சுல்லா, லீலாக்கா."

ஏறும்தான்.
என் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ரப்பர் மரம்.
விடியுமுன்னே நெற்றி விளக்கோடு வந்து
பட்டையைக் கீறிவிட்டுப் போகிறார்கள்.
சிரட்டை சிரட்டையாய்ப் பால்.
ஷீட்டின் விலை தினமும் பேப்பரில் வரும்.
இறங்கினால் சாயாக்கடையில் சாவுவீட்டுப் பேச்சு,
ஏறினால் பொரித்த மீன்.
என் தொகை பேப்பரில் வருவது
எப்போதாவது, தேர்தல் பக்கம்.

வந்தது.
கூட்டியாச்சு என்று ஐடா ஓடிவந்தாள்,
முற்றத்தில் உணக்கப் போட்டிருந்த
நல்லமிளகைக்கூட மிதித்துக்கொண்டு.
எவ்வளவு என்றேன்.
சொன்னாள்.
பிறகு இரண்டுபேரும் சேர்ந்து
மிளகைப் பொறுக்கினோம்.

பழைய காலண்டரின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பஸ்ஸில் எனக்குக் காசில்லை,
பஸ் நிற்கும் இடம்வரை ஆட்டோவுக்கு உண்டு.
மேடும் இறக்கமுமான ஊர்,
ஒரு பக்கத்துக்கே எண்பது கேட்பான்.
கூட்டியதை வாங்கப் போனால்
கூட்டியது தீர்ந்துபோகும்.

வங்கிக்காரப் பையன் கைமெஷினை நீட்டுவான்.
பெருவிரலை வைப்பேன். விழாது.
முப்பத்தாறு வருடம் கைப்பிடியில் தேய்ந்த விரல்.
"வெள்ளத்துல கழுவிட்டு வையுங்கக்கா."
கழுவிவிட்டு வைப்பேன். விழாது.
நான் உயிரோடிருப்பது
நாலாவது தடவைதான் மெஷினுக்குப் படும்.

இவ்வளவுதானா சார் என்று
ஆபீசில் ஒருமுறை கேட்டேன்.
எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்கும்மா என்றார்,
கோபமில்லாமல், பேனாவை மூடிக்கொண்டே.
எனக்குத் தெரிந்த எல்லை களியக்காவிளை.
அங்கேயும் ராத்திரியானால்
அரிசி மூட்டை தாண்டிப் போகிறதே.

சான்றிதழில் எழுபது சதவீதம்.
பதினோரு வயதில் ஒரு டாக்டர்
என் காலைத் தூக்கிப் பார்த்து எழுதியது.
அதற்குப் பிறகு தோளும் போயிற்று,
நல்ல காலின் முட்டும் போயிற்று.
அதையும் யாரும் கூட்டவில்லை.

பால் வெட்டுகிற செல்சன் சொன்னான்,
"எதுக்கு வாங்குதிய? பாலுல முக்கி உணக்குங்க."
முக்கினேன். காய்ந்ததும் இன்னொரு தடவை.
வீடெல்லாம் நாற்றம்.
ஒன்பது நாள் தாங்கியது.
அந்த ஒன்பது நாளும் பூனை மாதிரி நடந்தேன்.
திங்கட்கிழமை நாகர்கோவிலில்
கலெக்டர் ஆபீசுக்குள்ளும் அப்படியே.
வழவழத்த தரை. ஒரு சத்தமும் இல்லை.
மேசைக்கு மேசை நின்றேன்,
ஒரு தலையும் நிமிரவில்லை.
மனுவுக்குக் கொடுத்த ரசீதில்
என் பெயர் புஷ்பராஜ் என்றிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை
வாசற்படியில் உட்கார்ந்து
காலுக்கு இருந்ததைக் கழற்றினேன்.
வெறும் குழாய்.
டணங்.
டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்
கையை எடுத்தாள்.
டணங்.
உள்ளே ஒரு கதவு திறந்தது.
வழுக்கும், தெரியும்.
இரண்டு தடவை வழுக்கவும் செய்தது.
"விழுந்திருவிய, உக்காருங்க" என்று
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
உட்காரவில்லை.
உட்கார்ந்தால் சத்தம் நின்றுவிடும்.
நின்றுகொண்டே என் பெயரைச் சொன்னேன்,
எழுத்து எழுத்தாக,
புஷ்பலீலா, கடைசியில் கால் வாங்கணும் என்று.

புதுப் புஷ் பையில்தான் இருந்தது,
மருந்துச்சீட்டுக்கும் பாஸுக்கும் நடுவே.
கடன் சொல்லி வாங்கியது.
வர்க்கீஸ் நோட்டில் எழுதிக்கொண்டார்,
மொத்தம் எவ்வளவென்று நான் பார்க்கவில்லை.

அண்ணா ஸ்டாண்டில் மழை பிடித்தது.
தூணில் சாய்ந்து புஷ்ஷை மாட்டிக்கொண்டேன்.
வீட்டுக்கு இறங்குகிற வழி செம்மண்.